அவளை

கால்வே, அயர்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம். குறை சொல்லவில்லை. பெர்த்தில் வெயில் அதிகமாமே, தண்ணீர் நிறையக் குடி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐரிஷ் வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. 2018-ல் லீவிங் செர்ட் பள்ளி இறுதித் தேர்வில் ஐரிஷுக்கு முதல் கிரேடான ஹெச்1 வாங்கியவளின் அம்மா நான். 'இதைப் படித்து என்ன ஆகப் போகுது' என்றது உன் அப்பாதான். சரி, நானும்தான்.

ஐரிஷில் 'அவன்' ஷே, 'அவனை' ஏ. 'அவள்' ஷீ, 'அவளை' ஈ. நாம் பின்னால் ஒரு 'ஐ' ஒட்டுகிறோம், இவர்கள் முன்னால் இருக்கிற 'ஷ'வைக் கழற்றிவிடுகிறார்கள். 'நான்', 'என்னை' இரண்டுக்கும் அதே மே. ஹொனிக் மே இன்யே ஏ. பார்த்தேன் நான் நேற்று அவனை. எப்போது, எங்கே எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில்தான் அவனைக் கொண்டுவந்து வைப்பார்கள். நீயும் அப்படித்தான். வேலை, வாடகை, பக்கத்து வீட்டு நாய், கடைசியில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளியிலிருந்து அதுவும் இல்லை.

தண்ணீர் குடி. நைட் ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே.

போன வாரம் பாடத்தில் 'புவாலு ஈ' என்று வந்தது. அவளை அடித்தாயிற்று. யார் அடித்தது என்று சொல்லாமலே விடுவதற்கு வினையில் ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். நாமாக இருந்தால் 'அவள் அடிபட்டாள்' என்போம், அவளே போய் வாங்கிக்கொண்ட மாதிரி. இங்கே அவள் எழுவாய் ஆவதே இல்லை. ஷீ கிடையாது, ஈ தான். டீச்சர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

போன வருஷம் நீ வந்திருந்தபோது, முழுக்கைச் சட்டையை மடிக்காமலே பாத்திரம் கழுவினாய். நனைந்த துணிக்குள் தெரிந்தது. 'எங்கே அடிபட்டுக்கிட்டே?' என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், கயல். யார் என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். சித்தி காதுக்குப் போகும், ஊரில் கேட்பார்கள், இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். நீ 'ம்' என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாய்.

மாடி அறையில் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, உன் வளையல் பணம்தான்.

இப்போது கேட்கிறேன். யார்? எனக்குப் போன் பண்ணு. இங்கே ராத்திரியா பகலா என்று பார்க்காதே.

அம்மா