பென்ஸ் வாங்கிய கட்டையனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள கட்டையனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. காலி வீதியின் நெரிசலும் அப்படியே. உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று நம்பிக்கொண்டு நேரே விசயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு படங்களும் கிடைத்தன. முதலாவது படத்தில் நீ உன் பழைய பென்ஸில் சாய்ந்து நிற்கும் தோரணையை நம் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி மாஸ்டர் பார்த்திருந்தால், ‘தம்பி, இது யாருடைய சைக்கிள்?’ என்ற அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். மனைவியிடம் காட்டினேன், அவள் காரை மட்டும் பாராட்டினாள். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது, கொழும்புக்காரர் வீணாகக் காசைக் கொட்டுகிறார்கள் என்று கீழே பெருமையாக எழுதி நீ அனுப்பியிருந்த அந்த எஞ்சின் ஒயில் கானின் படத்தைத்தான் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய் என்பதால், போக்குவரத்துக் கம்பனியின் களஞ்சியத்தில் இருந்த காலம் முழுவதும் ஒயில் வாங்கும் கேள்விப்பத்திரங்களை (டெண்டர்களை) வாசித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட உரிமையில் கடிதமாகவே எழுதுகிறேன். நீ அந்தக் கானைத் திறக்குமுன் இது வந்து சேர வேண்டும் என்பதே என் கவலை.

அந்தக் கானின் முகப்பில் 5டபிள்யூ-40 என்று பெரிதாக இருக்கிறது. நீயும் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்திருக்கிறாய். அந்த எண் ஒயிலின் தரத்தைச் சொல்வதே இல்லை. அது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்த பிசுக்குமைத் தரம், அதாவது ஒயில் எவ்வளவு தடிப்பு என்பதன் அளவு, அவ்வளவுதான். 40 என்றால், 100 பாகை செல்சியஸில் அந்த ஒயிலின் பிசுக்குமை 12.5 சென்ரிஸ்ரோக்ஸ் முதல் 16.3 வரையிலான எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். முன்னால் உள்ள 5டபிள்யூ, மறை 30 பாகைக் குளிரிலும் எஞ்சினைச் சுழற்றித் தொடக்க அந்த ஒயில் இடம் கொடுக்கும் என்கிறது. நல்லூரில் எப்போது பனி கொட்டியது என்று நீ கேட்பாய், நியாயமான கேள்விதான். ஆனால் முதல் எண் குறையக் குறைய, அதை எட்டுவதற்கு மேலான அடிப்படை எண்ணெய் தேவைப்படுகிறது. சாதாரண கனிம எண்ணெயை மட்டும் வைத்து 0டபிள்யூ ஒயில் செய்ய முடியாது. காலையில் எஞ்சினைத் தொடக்கிய முதல் விநாடிகளில் மேல்தலை வரை விரைவாக ஏறுவதும் அத்தகைய ஒயில்தான்.

‘எங்கள் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் சரி’ என்று உன் மெக்கானிக் சொல்வதாகப் போன தடவை கதைக்கும்போது சொன்னாய். இங்கே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். முச்சக்கரவண்டிக்கு ஊற்றும் 20டபிள்யூ-50ஐ ஜப்பானிய ஹைபிரிட் காருக்கும் ஊற்றி அனுப்புகிறார்கள். அந்தக் கார்களின் ஒயில் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கும். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் மூடியை வாசிக்க ஜப்பானிய மொழி தேவையில்லை. வெளியே வெயில் 35 பாகையாக இருந்தாலும் 15 பாகையாக இருந்தாலும், ஓடிச் சூடேறிய எஞ்சினின் நீரை தேர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில்தான் வைத்திருக்கிறது. ஒயிலும் பெரும்பாலும் அதை ஒட்டியே போகிறது. அந்த வெப்பத்தில் தாங்கிகளின் (பெயாரிங்) இடைவெளிக்கு எவ்வளவு தடிப்பான படலம் வேண்டும் என்று கணக்கிட்டு எஞ்சினைச் செய்தவனைவிடக் காற்றின் சூட்டைக் கையால் தடவிப் பார்ப்பவனுக்கு அதிகம் தெரியும் என்று நான் நம்பத் தயாரில்லை.

அடுத்த வரியில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் இந்த வகுப்புகளில் எஸ் என்று தொடங்குபவை பெற்றோல் எஞ்சினுக்கானவை; சி என்று தொடங்குபவை பாரமான டீசல் எஞ்சின்களுக்கானவை. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் முன்னே போகப் போகப் புதியது: எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020 மே மாதத்தில் வந்தது, எஸ்கியூ 2025 மார்ச்சில் வந்தது. எஸ்பி வந்ததற்குக் காரணமே சிறிய ரேபோ (டர்போ) எஞ்சின்கள்தான். குறைந்த வேகத்தில் அதிக சுமை ஏறும்போது நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் நோயையும், வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் ரைமிங் சங்கிலியின் தேய்வையும் அடக்குவதற்கான சோதனைகளை அதில் சேர்த்தார்கள். எஸ்எஃப் என்று போட்ட மலிவு ஒயில் எங்காவது உன் கண்ணில் பட்டால் தொடாதே. 1988க்குப் பிறகு செய்த பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு அது உகந்ததல்ல என்று அந்த நிறுவகமே எச்சரித்திருக்கிறது.

ஏபிஐ முத்திரை உரிமம் பெற்றுப் போடுவது. பணம் கட்டிப் பதிவு செய்த கம்பனியின் பெயரை அவர்களுடைய இணையப் பட்டியலில் யாரும் தேடலாம். கானின் பின்புறத்தில் நடுவில் எஸ்ஏஇ எண்ணைக் கொண்ட வட்ட முத்திரையும் இருக்கும். உன் கானில் அந்த வட்டத்தைக் காணவில்லை. வெறும் எழுத்து மட்டுமே இருக்கிறது. அந்தக் கம்பனியின் பெயரைப் பட்டியலிலும் தேடிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

இனித்தான் நான் உண்மையில் கோபப்பட்ட இடம். அதே கானில் ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தரங்களாக ஏசிஇஏ ஏ3/பி4, சி3 ஆகிய இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. இப்போது நடைமுறையில் உள்ள ஏசிஇஏ விதிப்படி ஏ3/பி4 ஒயிலில் சல்பேற்றுச் சாம்பல், அதாவது ஒயில் எரிந்தபின் எஞ்சும் சாம்பல், 1.0 வீதத்திலிருந்து 1.6 வீதத்துக்குள் இருக்க வேண்டும். சி3 ஒயிலில் அது 0.8 வீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டையா, நீ கணிதத்தில் எடுத்த புள்ளிகளை நான் மறக்கவில்லை, ஆனாலும் ஒரே திரவம் இந்த இரண்டு எல்லைக்குள்ளும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்பது உனக்கும் விளங்கும். அந்த வரியை அச்சிட்டவர் ஒயிலைச் சோதித்து எழுதவில்லை. விற்கும் பெயர்களையெல்லாம் கூட்டி எழுதியிருக்கிறார். ஏசிஇஏ தரத்தை விற்பனையாளர் தானே சோதித்துத் தானே அறிவித்துக்கொள்ளலாம், அவர் கானில் முத்திரை குத்துவதற்கு மூன்றாம் ஆள் கிடையாது என்பதால் இத்தகைய துணிச்சலுக்கு வாய்ப்பு நிறைய இருக்கிறது.

இந்தச் சாம்பல் விசயம் உனக்கு அற்பமாகத் தெரியலாம். நம் கூட்டாளி பூனையனைக் கேட்டுப் பார். அவனுடைய ஐரோப்பிய டீசல் ஜீப்பின் புகைவழியில் துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் படியும் கரியைச் சூடேற்றி எரிக்கலாம். ஒயில் எரிந்து விடும் உலோகச் சாம்பலை எரிக்க முடியாது, அது உள்ளேயே தங்கிச் சிறுகச் சிறுக அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் ஏசிஇஏயின் சி வகை ஒயில்; ஏபிஐயின் சி வேறு. அவனுடைய கராச்சில் வருடக்கணக்காகப் பழைய டீசல் லொறிக்கான ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள்; வடிகட்டியை மாற்றக் கேட்ட விலையை அவன் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது, உன் பிள்ளைகளும் இக்கடிதத்தை வாசிக்கக் கூடும்.

உன் கார் பெற்றோல் கார், அதில் அந்த வடிகட்டி இல்லை. உனக்கு வேண்டியது நேர்மாறு. சாம்பலைத் தரும் அதே கல்சியச் சேர்மானங்கள்தாம் எரிபொருளின் கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலத்தை நடுநிலையாக்குகின்றன. ஏ3/பி4 ஒயிலில் அந்தக் காரச் சேமிப்பு சி3 ஒயிலில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஐரோப்பாவில் 2009இலிருந்து எரிபொருளில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்க அனுமதியில்லை. அந்த எரிபொருளை மனதில் வைத்து வகுத்த தரத்தை வேறு எரிபொருள் விற்கும் நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது என்பதை உற்பத்தியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்: பிஎம்டபிள்யூ தன் லோங்லைஃப்-04 தரத்து ஒயிலைப் பெற்றோல் எஞ்சின்களில் ஐரோப்பாவுக்குள் மட்டுமே அனுமதித்திருந்தது. உன் கான் அந்தப் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன்; முழுக் கடிதமும் அந்த ஒரு வரிக்காகத்தான். ‘எம்பி 229.5இன் தேவைகளைப் பூர்த்தி செய்கிறது’ என்று அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. எம்பி என்றால் மேர்சிடஸ் பென்ஸ். பூர்த்தி செய்கிறது என்று யார் சொல்கிறார்? ஒயில் விற்பவர் சொல்கிறார். மாப்பிள்ளை நல்ல குணம் என்று மாப்பிள்ளையின் தாயாரே சொல்வதைப் போன்றது அது. மேர்சிடஸ் கம்பனி அனுமதித்த ஒயிலின் கானில் ‘எம்பி அப்ரூவல் 229.5’ என்றுதான் இருக்கும். அந்த வாசகத்தைப் பெறுவதற்கு ஒயில் கம்பனி தன் கலவையை எஞ்சின் சோதனைகளுக்கு உட்படுத்தி, முடிவுகளை ஜேர்மனிக்குச் சமர்ப்பித்து, அனுமதியைப் பெற வேண்டும். சேர்மானத்தை மாற்றினால் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி பெற்ற ஒவ்வொரு ஒயிலின் வணிகப் பெயரையும் பிசுக்குமைத் தரத்தையும் மேர்சிடஸ் தன் இணையத்தளத்தில் தாள் வாரியாக வெளியிடுகிறது, 229.5 என்பது அந்தத் தாள்களில் ஒன்றின் எண். உன் கானின் பெயரை அந்தத் தாளில் மேலிருந்து கீழ் வரை தேடினேன். இல்லை.

‘சூட்டபிள்’, ‘ரெக்கமென்டட்’, ‘மீட்ஸ்’ என்று எத்தனை சொற்கள் இருந்தாலும் அவை எல்லாம் விற்பவரின் வாக்குமூலங்கள். எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அனுமதிக்குச் செலவழிக்க விரும்பாத சிறிய கம்பனியின் நல்ல ஒயிலும் அப்படி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் சாம்பல் கணக்கையே சரியாகப் போடாத ஒரு கானின் வாக்குமூலத்தை நான் ஏன் நம்ப வேண்டும்? உன் எஞ்சினின் ரைமிங் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது ஒயில் அழுத்தத்தால் இயங்கும் கருவி. அந்தச் சங்கிலி நீண்டால் மாற்றுவதற்குக் கொழும்பிலேயே ஒரு தொகை கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிய பிறகு அதைக் கேட்க உனக்குத் தைரியம் இருக்காது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய காருக்குப் புதிய காரின் ஒயில் எதற்கு என்று நீ வாதாடுவாய் என்றும் எனக்குத் தெரியும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாள் முதல் இந்த நாட்டில் எல்லோரும் பழைய காரைத்தானே காப்பாற்றிக்கொண்டிருந்தோம்? இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அந்த விலைக்கு நீயும் நானும் இன்னொரு கார் வாங்கப் போவதில்லை.

எனவே நீ செய்ய வேண்டியது இது. கையேட்டில் எஞ்சின் ஒயில் பக்கத்தையும், சேவிஸ் புத்தகத்தின் கடைசி முத்திரையையும் படமெடுத்து அனுப்பு. உன் எஞ்சினுக்கு 229.5 உண்டா, 229.3 போதுமா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும், என் ஞாபகத்தில் அல்ல. 5டபிள்யூ-30 என்று இருந்தாலும் ஏமாறாதே: அதே எண்ணைப் போட்ட ஏ5/பி5 ஒயிலும் சந்தையில் இருக்கிறது. 150 பாகையில், உலோகங்களின் இடையே வேகமாகத் தேய்த்திழுபடும்போது தாங்கி நிற்கும் பிசுக்குமை ஏ3/பி4இல் 3.5 மில்லிபாஸ்கல் விநாடிக்குக் குறையக் கூடாது, ஏ5/பி5இல் 2.9 இருந்தாலே போதும். முகப்பில் ஒரே எண், உள்ளே வேறு ஒயில். எதுவென்று தெரிந்த பிறகு இங்குள்ள முகவரிடம் நானே முத்திரை உடையாத கானாக வாங்கி, இரவு பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். ஊற்றி முடித்ததும் வெறுங்கானில் ஓர் ஆணியால் துளை போட்டுவிடு. அப்படியே எறிந்தால் அது வேறொருவரின் ‘அசல்’ ஒயிலாகத் திரும்பி வரும். மேலதிகமாக ஒரு போத்தல் மருந்து ஊற்றினால் எஞ்சின் இளமையாகும் என்று யாராவது சொன்னால், மேர்சிடஸ் அத்தகைய சேர்மானங்களை விரும்புவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடு.

நீ வாங்கிய கானை என்ன செய்வது என்று கேட்பாய். சின்னவனின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. அதன் கிளச் ஒயிலுக்குள்ளேயே நனைந்திருப்பது, அதற்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று எழுதிய ஒயில் வேண்டும், இல்லையேல் வழுக்கக் கூடும். கேற்றின் பிணைச்சலுக்குப் பூசு. நீ வீடு மாறிய நாளிலிருந்து அது கத்துகிறது என்று உன் மனைவி என் மனைவியிடம் முறையிட்டிருக்கிறாளாம்.

படங்களை இன்றிரவே அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம்.

உன்,
நெட்டையன்