நூலக மீன் தொட்டிக்கு இரவிலும் மின்சாரம் கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
வாசகரும் வண்ண மீன் வளர்ப்பவருமான நூலக உறுப்பினர்,
கிளை நூலகம்.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மைய நூலகம்.

பொருள்: கிளை நூலகம் – சிறுவர் பிரிவு மீன் தொட்டி – கோடை வெப்பத்தில் மீன்கள் இறத்தல் – தனி மின் இணைப்பு அமைத்தும் தொட்டியை இடம் மாற்றியும் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தின் சிறுவர் பிரிவில் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளளவுள்ள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. நியான் டெட்ரா, கப்பி, மோலி, அடியில் மேயும் கோரிடோராஸ், ஒரு கௌராமி என்று அழகாகத் தேர்ந்தெடுத்து விடப்பட்ட மீன்கள். கோடை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் மறுநாள் காலையில் சில மீன்கள் செத்து மிதக்கின்றன. பணியாளர்கள் மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது. வேளை தவறாமல் தீனி போடுகிறார்கள், கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்கிறார்கள். நூலகத்தைப் பூட்டும்போது, தீ விபத்தைத் தவிர்ப்பதற்காகக் கட்டடம் முழுவதற்குமான மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது நடைமுறை. அதோடு தொட்டியின் வடிகட்டியும் காற்று பம்பும் நின்றுவிடுகின்றன. குளிர்ந்த மாதங்களில் மீன்கள் இதைச் சமாளித்துவிடுகின்றன, கோடையில் முடியவில்லை.

வார விடுமுறைக்கு மறுநாள் ஒன்றில், கதவு திறக்கும் நேரத்தில் நான் அங்கே இருந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெப்பமானிப் பட்டை 32 டிகிரி காட்டியது. டெட்ராக்கள் அத்தனையும் நீர்மட்டத்தோடு வரிசையாக ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அடியில் கிடக்க வேண்டிய கோரிடோராஸ் நொடிக்கொரு முறை மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பியது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உள்ள கௌராமி மட்டும் பதற்றமின்றி இருந்தது. எதனால் இந்த மீன்கள் சாகின்றன என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது: மூச்சு முட்டித்தான் சாகின்றன.

வெப்ப மண்டல மீன்கள்தானே, சூடு அவற்றுக்குப் பழக்கம்தானே என்று பலர் கேட்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரைதான் இதமான வெப்பம். நியான் டெட்ராவுக்கு அதற்கும் சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும் என்றால், 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராமாக இறங்கிவிடுகிறது. காற்றும் நீரும் நன்றாகக் கலந்தால் கிடைக்கும் உச்ச அளவு இது. அசைவில்லாமல் தேங்கிய நீரில் இதுவும் இருக்காது. அதே வெப்பத்தில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து, அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கூடிவிடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் இந்த நேரத்தில்தான் நாம் காற்று பம்பை நிறுத்துகிறோம்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். பகல் வெளிச்சத்தில் ஆக்சிஜன் தரும் நீர்த்தாவரங்கள் இருட்டில் அதை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். வடிகட்டிக்குள் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் ஆக்சிஜன் ஓடும் நீரிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தருபவை அவைதாம். நீண்ட நேரம் ஓட்டம் நின்றால் அவை மடிகின்றன. காலையில் சுவிட்சைப் போட்டதும் உள்ளே கெட்டுப்போன நீர் தொட்டிக்குள் பாய்கிறது. நீர் சூடாக இருக்கும்போது அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் அதிகம். எனவே, பகல் முழுவதும் எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும் இரவில் எல்லாம் வீணாகிறது.

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான்: மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் வடிகட்டிக்கும் காற்று பம்புக்கும் மின்சாரம் கிடைக்கும்படி, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்துடன் தனி இணைப்பு அமைத்துத் தர வேண்டுகிறேன். தீ பற்றிய அச்சம் நியாயமானது; அதனால்தான் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்கிறேன். இந்தக் கருவிகளுக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகச் சொற்பம். மின்தடைக்கு ஈடாக பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும் இருந்தால் நல்லது. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், இல்லையென்றால் அது நிற்கும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடும்.

அடுத்தது தொட்டி இருக்கும் இடம். மேற்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருப்பதால் பிற்பகல் வெயில் நேராக அதன்மீது விழுகிறது. உள்சுவர் ஓரமாக நகர்த்தினாலே வெப்பம் பெருமளவு குறையும், பாசியும் குறையும். நகர்த்தும் முன் நீரில் பெரும்பகுதியை இறைத்துவிட வேண்டும், நிறைந்த தொட்டியை அசைத்தால் கண்ணாடியின் இணைப்புகள் விட்டுவிடும்.

வெப்பத்தைக் குறைக்கப் பனிக்கட்டி போடலாம் என்று வாசகர்கள் அன்போடு சொல்வதுண்டு. தயவுசெய்து இதை அனுமதிக்க வேண்டாம். ஒரு கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகினாலும் 200 லிட்டர் நீரில் அரை டிகிரிதான் குறையும். நிறையக் கொட்டினால் வெப்பம் சட்டென்று இறங்கி, அந்த அதிர்ச்சியே மீன்களைக் கொல்லும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது வெளியேறும் வெப்பமோ அதே தொட்டியை ஏறத்தாழ 3 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அதனால் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காதபடி வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும்படி கணினியில் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறு விசிறியைப் பொருத்தினால் போதும். புழுக்கமான நாளில் அதன் பலன் குறையும் என்பது உண்மைதான். அப்போதும் நீர்ப்பரப்பு அசைந்துகொண்டே இருப்பது உதவும். ஆவியான அளவுக்குக் குளோரின் நீக்கிய நீரை ஊற்றி நிரப்பிவர வேண்டும். வெயில் கடுமையாக உள்ள நாள்களில் தொட்டி விளக்கை ஏற்ற வேண்டியதில்லை. தொட்டிக்குள் ஹீட்டர் இருப்பதால் கோடை முடியும்வரை அதன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடலாம். விடுமுறைக்கு முன்னால் அதிகமாகத் தீனி போடும் வழக்கம் மட்டும் அடியோடு நிற்க வேண்டும். ஓரிரு நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது, மிஞ்சிய தீனி அழுகினால் சாகும்.

இறந்த மீன்களுக்குப் பதிலாகத் தங்க மீன்கள் வாங்கலாம் என்று ஒரு யோசனை பேசப்படுவதாக அறிகிறேன். தங்க மீன் குளிர்ந்த நீரை விரும்புவது, ஆக்சிஜனும் அதற்கு அதிகம் தேவை. இப்போதைய நிலையில் அதை இந்தத் தொட்டியில் விடுவது கொடுமை. மின் இணைப்பு சரியாகும்வரை எந்த மீனும் புதிதாக வாங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளி விடுமுறையில் சிறுவர் பிரிவுக்குத்தான் கூட்டம் அதிகம். குழந்தைகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் உட்காருகிறார்கள். செத்த மீனைப் பார்த்து ஏன் என்று கேட்கிறார்கள். காரணம் தெரிந்தும் தடுக்காமல் இருப்பது நமக்கு அழகல்ல.

விசிறி, வலை ஆகியவற்றை நானே வாங்கித் தரவும், தொட்டியை நகர்த்தும் நாளில் உடனிருந்து உதவவும், வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும் முறையைப் பணியாளர்களுக்குக் காட்டவும் தயாராக இருக்கிறேன். மின் இணைப்பை மட்டும் தங்கள் ஆணையின்றி யாரும் தொட முடியாது. மற்றவை சற்றுத் தாமதமானாலும், அந்த ஒன்றை வரும் வார விடுமுறைக்கு முன்பாகச் செய்து முடிக்க ஆணையிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலக உறுப்பினர்