தொட்டிக்குள் ஆள் இறங்காமல்

அன்புள்ள கயல்,

செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான கொட்டேஷனை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். லாரி வாடகை, மோட்டார் பழுது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நான்காவது வரியை மட்டும் அடித்துவிடு: "அடிக்கசடு எடுக்க உள்ளே இறங்கும் ஆள் – 2". அந்த வரி இருக்கும் தாளில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக நீ கையெழுத்துப் போடக் கூடாது.

"அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு, நமக்கென்ன" என்று கமிட்டியில் ஒருவராவது சொல்வார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகுந்த கவசமும் முன்னேற்பாடும் இல்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ கையால் சுத்தம் செய்ய யாரும் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. "மறைமுகமாக" என்றால் ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தும் நாமும்தான். முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி நடந்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விடமுடியாத குற்றம். இறங்கியவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்த வேலைக்கு யாரை அழைக்கிறார்கள், யாரை அழைப்பதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டத்தைச் சொன்னால் கமிட்டி கேட்கும் என்பதால்தான் அதை முதலில் எழுதினேன். உனக்குத் தெரிய வேண்டியது ஆள் எப்படிச் சாகிறார் என்பது. அது புரிந்தால் மீதியை நீயே முடிவு செய்துகொள்வாய்.

மூடிய தொட்டியில் கசடு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு மூன்றும் உண்டாகின்றன; பிராணவாயு குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைப் பிடித்துவிடும். 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். "இப்ப நாத்தமே இல்லண்ணே" என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னால் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தங்கும். கசடுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கும். திறந்தவுடன் மேலே அளந்து பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். உள்ளே போனவர் கம்பால் கசடைக் கிளறும்போதுதான் அது மொத்தமாக வெளியே வரும். "மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம், காற்று போயிருக்கும்" என்று நம்பியவர்கள் இறப்பது இதனால்தான்.

முகத்தில் ஈரத்துணி கட்டுவது, துணி முகக்கவசம், பெயின்ட் அடிப்பவர் போடும் வடிகட்டி முகமூடி எதுவும் இங்கே உதவாது. ஈரத்துணி வாயுவை நிறுத்தாது. இல்லாத பிராணவாயுவை வடிகட்டி உண்டாக்காது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் அதைவிட மோசம்: காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். தொட்டி திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடி கூட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவை.

ஆள் இறங்காமல் அடிக்கசடு எப்படி வரும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக வரும். லாரிக்காரர் முதலில் மேல்தண்ணீரை முழுக்க உறிஞ்சிவிடுவதுதான் தவறு. தண்ணீர் போனபின் அடியில் களிமண்போல் கெட்டியான கசடு தங்கிவிடும், குழாய் இழுக்காது, உடனே "ஒரு ஆளை இறக்கணும்" என்ற பேச்சு வரும். பாதித் தண்ணீர் இருக்கும்போதே லாரி பம்பைத் திருப்பிப் போட்டு, உறிஞ்சியதைத் தொட்டிக்குள்ளேயே வேகமாகப் பாய்ச்சிக் கலக்கச் சொல். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் கசடு கரைந்து தண்ணீரோடு ஏறிவரும். அப்படியும் இளகாத மூலைக்கு உயரழுத்த நீர்க்குழாய் உள்ள வண்டி வேண்டும். கலக்கும் நேரத்தில் வாயு கிளம்பும், யாரும் தொட்டி வாய்க்கு மேல் குனியக் கூடாது, காற்று வரும் திசையில் நிற்க வேண்டும். அடியில் ஓரிரு அங்குலம் மிஞ்சினால் மிஞ்சட்டும். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அடுத்த சுற்றுக்கு விதை. வழித்தெடுத்துப் பளிச்சென்று கழுவச் சொல்பவருக்குத் தொட்டி எப்படி வேலை செய்கிறதென்றே தெரியாது.

வேலை அவசரமாவதற்கு முன் கூப்பிடுவது இன்னும் முக்கியம். கழிவறை பொங்கிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தப்பான முடிவெல்லாம் எடுக்கப்படும். செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். நிறைந்திருக்கிறதா என்று பார்க்க நீண்ட கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத்துணியை இறுக்கிச் சுற்றி, மெதுவாக அடிவரை விட்டு, சில நிமிடம் வைத்து எடுங்கள். கறுப்பு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ அதுதான் கசடு. நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரிக்குச் சொல்லிவிடு.

மாதாமாதம் தொட்டி நிறைகிறது என்றாயே, அது கசடு இல்லை. 40 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டக் கணக்குப்படி வைத்தாலே 21,600 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவுநீராக வந்தால் தினம் 17,000 லிட்டருக்கு மேல். 6,000 லிட்டர் லாரியால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தண்ணீர் வெளியேற வேண்டிய வழி எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் மண் இறுகிவிட்டது. அதைச் சரி செய்யாமல் லாரிக்குக் கொடுக்கும் பணமெல்லாம் வீண்.

எனக்கு அதிகக் கவலை, கழிவுநீர் வந்து சேர்ந்து மோட்டாரால் ஏற்றப்படும் உங்கள் சேகரிப்புத் தொட்டிதான். நீர்மூழ்கி மோட்டார் அங்கேதான் கிடக்கிறது. ஈரத்துடைப்பான், நாப்கின், முடி, மாப்புத் துணி நூல் எல்லாம் சுற்றி அது நிற்கும். நின்றவுடன் யாராவது வாட்ச்மேனிடம் "அண்ணே, கொஞ்சம் இறங்கிப் பார்த்துருங்களேன்" என்பார். இந்த வேலைக்கென்று வராத வாட்ச்மேன், தோட்டக்காரர், பிளம்பரின் கையாள் போன்றவர்களும் இப்படித்தான் சாகிறார்கள். அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் செய்ய வழி உண்டு. மோட்டாரை வழிகாட்டிக் குழாய்களோடு பொருத்தச் சொல். அடியில் இணைப்பு தானாகப் பொருந்திக்கொள்ளும். துருப்பிடிக்காத சங்கிலியைப் பிடித்து மேலிருந்தே தூக்கலாம், இறக்கலாம். வாய்க்கு மேலே ஒரு கப்பி, தொட்டிக்கு முன்னால் கையால் வெளியே எடுக்கக்கூடிய சல்லடைக் கூடை, முடிந்தால் மாற்று மோட்டார் ஒன்று. ஒருமுறைச் செலவு. சங்கத்தின் பெயின்டிங் நிதியிலிருந்து எடுத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஈரத்துடைப்பானையும் நாப்கினையும் ஃப்ளஷ் செய்யாதீர்கள் என்று 40 வீட்டுக்கும் எழுதிப் போடு.

பின்பக்கம் புதிதாகத் தொட்டி கட்டப்போவதாகவும் சொன்னாய். "புதுசு, இன்னும் ஒரு சொட்டுக் கழிவு விழலை" என்று மேஸ்திரி சொல்வார். கான்கிரீட் மூடி போட்டு, உள்ளே சென்டிரிங் பலகையும் மழைத்தண்ணீரும் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால், ஈர மரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்கிய கொத்தனார்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்த சம்பவங்கள் பல. சாதாரணக் காற்றில் பிராணவாயு சுமார் 21 சதவீதம்; 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. மூடியை முன்பே வார்த்த பலகைகளாக மேலிருந்து வைக்கச் சொல், பிரிக்க எதுவுமே இருக்காது. இல்லையென்றால் எதிரெதிரே இரண்டு வாய் விட்டு, ப்ளோயரால் வெளிக்காற்றை அடிவரை செலுத்தி, வாயு அளவியால் மேல், நடு, அடி மூன்றிலும் பார்த்து, உடல்பட்டையும் முக்காலிக் கப்பியும் மாட்டி, மேலே ஒருவர் அசையாமல் நிற்க, அப்புறம்தான் ஒருவர் இறங்க வேண்டும். வேலை முடியும்வரை ப்ளோயரை நிறுத்தக் கூடாது.

எல்லாம் மீறி ஒருவர் விழுந்துவிட்டால், இரண்டாவது ஆளைத் தடுப்பதுதான் உன் முதல் வேலை. காப்பாற்றப் போனவர்தான் அடுத்த பிணம். அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பான், பிடித்து நிறுத்துங்கள். 101-க்கும் 108-க்கும் அழைத்து "தொட்டிக்குள் விஷவாயு, மூச்சுக் கருவியோடு வாங்க" என்று சொல். எல்லா மூடியையும் திற, ப்ளோயர் இருந்தால் காற்றை உள்ளே அடி. இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள்.

கொட்டேஷனைத் திருத்தி அனுப்பும்போது இவற்றைச் சேர்: எந்தச் சூழ்நிலையிலும் ஆள் உள்ளே இறங்க மாட்டார், உள்ளாட்சி உரிமம் பெற்ற வண்டி மட்டுமே, கொட்டும் இடம் சுத்திகரிப்பு நிலையம், அங்கே தரும் ரசீதோடுதான் பணம். கழிவுநீர் அகற்றும் உதவி எண்ணான 14420-க்கு அழைத்தால் உரிமம் உள்ள வண்டியை ஏற்பாடு செய்வார்கள். அடிமாட்டு விலை சொல்பவர் இரவில் ஏரியில் கொட்டுகிறார், அல்லது உதவியாளருக்குக் கூலி கொடுப்பதில்லை. லாரி உதவியாளருக்கு முழங்கை வரையான ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி இருக்கிறதா பார். டெட்டனஸ் ஊசியும் மூன்று தவணை மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் போட்டிருக்கிறார்களா, ஈ.எஸ்.ஐ. அல்லது விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேள். கேட்கும் சங்கங்கள் மிகக் குறைவு, அதனாலேயே அவர் திகைப்பார்.

அவர்கள் வரும் நாளில் ஒரு குழாயும் சோப்பும் நிழலும் கொடு. கீழ்த்தளக் கழிவறையைத் திறந்துவை. டீ எல்லோருக்கும் கொடுக்கும் அதே தம்ளரில் போகட்டும். குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து வேலை வாங்கலாம் என்று கமிட்டிப் பெரியவர் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்து. போதையில் இருப்பவருக்கு மூடி விளிம்பில் நிற்பதே ஆபத்து. கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் வேலை முடிந்தபின் கையில் காசாகக் கொடு.

தொட்டி வாயின் விட்டத்தை அளந்து அனுப்பு, குறைந்தது 50 சென்டிமீட்டர் வேண்டும். சேகரிப்புத் தொட்டியின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், சங்கிலி இருக்கிறதா இல்லையா, மூன்றையும் எழுது. வாயருகே போய்க் குனிந்து படம் எடுக்காதே. கட்டியவரிடம் வரைபடம் இருக்கும், வாங்கிப் பார்.

அன்புடன்,
அம்மா