தொண்டைமான் கதை திருக்களம்பூரோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் பாளையக்காரர் தொடரை முதல் வாரத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். நல்ல உழைப்பு தெரிகிறது. ஆனால் சென்ற இதழில் புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு பத்தி. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதற்குக் கூலியாக வெள்ளைக்காரன் தயவில் 1948 வரை சுகமாக ஆண்டார்கள் என்பதுதான் அதன் சாரம். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1799-இல் நடந்ததை மூடி மறைக்க நான் வரவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு தப்பி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் எங்கள் திருக்களம்பூர்க் காட்டில்தான் பிடிபட்டார். பிடித்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் மேஜர் பானர்மேன் அவரைத் தூக்கிலிட்டார். இரண்டு வருடம் கழித்து மருது சகோதரர்கள் எழுந்தபோதும் தொண்டைமான் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், பக்கம்தான் நின்றார். இதெல்லாம் தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். தன் எல்லைக்குள் வந்துவிட்ட ஒருவரை, அவர் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கிறது என்று தெரிந்தே ஒப்படைத்ததை எந்த ஒப்பந்தத்தைக் காட்டியும் சரிக்கட்ட முடியாது.

என் வருத்தம் வேறு. கட்டுரையைப் படித்தால் அது ஏதோ கூலிக்காக ஒரே நாளில் எடுத்த முடிவு போலத் தோன்றுகிறது. அது அரை நூற்றாண்டுக் காலம் கடைப்பிடித்து வந்த ஒரு கொள்கையின் தொடர்ச்சி. அந்தக் கொள்கை எங்கே தொடங்கியது, அதனால் அந்த வம்சம் என்ன பெற்றது, கடைசியில் என்ன விலை கொடுத்தது என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது சரித்திரம் ஆகாது.

1686-இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தன் மனைவி காதலி நாச்சியாரின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமானைப் அதுவரை அங்கே ஆண்ட பல்லவராயர்களுக்குப் பதிலாகப் புதுக்கோட்டையில் அமர்த்தினார். அப்போது அது வெள்ளாற்றங்கரையில் ஒரு சின்னப் பாளையம்தான். வடக்கே தஞ்சாவூர், தெற்கே சேது நாடு, மேற்கே திருச்சிராப்பள்ளி என்று மூன்று பக்கமும் பெரிய கைகள். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால்தான் சோறு. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பவன் யாராவது ஒருவரோடு சேர்ந்துதான் பிழைக்க வேண்டும்.

சேர்ந்த இடம் ஆற்காட்டு நவாப் முகமது அலியும் ஆங்கிலேயரும். 1750-களில் திருச்சிக் கோட்டை முற்றுகையில் இருந்தபோது அங்கே கிடந்த ஆங்கிலப் படைக்கு அரிசியும் ஆடுமாடும் போனது தொண்டைமான் சீமையிலிருந்து. அதற்குத் தண்டனையாக 1754-இல் பிரெஞ்சுப் படை புகுந்து எங்கள் கிராமங்களைக் கொளுத்திக் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போனது. பிற்பாடு ஹைதர் அலியின் படை வந்தபோதும் தொண்டைமான் பக்கம் மாறவில்லை. இழப்பையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

பலன் என்னவென்றால், 1803-இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் வெறும் ஜமீன்களாகிக் கும்பினிக்குப் பேஷ்கஷ் என்ற கப்பம் கட்டத் தொடங்கின. புதுக்கோட்டை கட்டவில்லை. சுமார் 1,180 சதுர மைல் பரப்பில், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுதாக அடங்கிய ஒரே சமஸ்தானமாக நிலைத்தது. செய்த உதவிகளுக்குப் பரிசாகக் கேட்ட கீழாநிலைச் சீமையும் கிடைத்தது. 1806-இல் லண்டனிலிருந்து அதற்கு ஒப்புதல் வந்தபோது, வருடத்துக்கு ஒரு யானை காணிக்கையாகத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த யானையை அவர்கள் வசூலிக்கவே இல்லை. 1836-இல் நிபந்தனையையே ரத்து செய்துவிட்டார்கள். நட்பு நாடு என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், எஜமான் யார் என்பதை நினைவூட்டத்தான் அந்த யானை என்பது என் எண்ணம்.

அப்புறம், 'சுகமாக ஆண்டார்கள்' என்ற சொல். எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். நூல் பிடித்தாற்போல நேரான தெருக்கள், ராஜ வீதிகள் நான்கு, அவற்றை ஒட்டி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று அடுக்கடுக்காக வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெசிடென்ட், அதாவது கும்பினியின் பிரதிநிதி, பிளாக்பர்ன் சொன்ன யோசனையைக் கேட்டு ஊரையே புதிதாக அமைத்தார் அன்றைய ராஜா. 1878-இல் வந்த திவான் சேஷையா சாஸ்திரி ஊர்க் குளங்களைத் தூர்வாரினார், வரி முறையைச் சீர்ப்படுத்தினார். எல்லா ராஜாக்களும் யோக்கியமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சாஸ்திரியைக் கொண்டுவந்ததே ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்து ஊதாரித்தனத்தால் கஜானா நொடித்துப் போனதால்தான்.

பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. தங்கள் வாசகர்களில் பலரும் வேண்டியிருப்பார்கள். அந்த அம்மன் எங்கள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். தொண்டைமான்களின் குலதெய்வம். தங்களைப் 'பிரகதாம்பாதாஸ்' என்றே அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அவள் பெயரில் அவர்கள் அடித்த அம்மன் காசு என்பது சுண்டுவிரல் நகத்தளவு செம்பு நாணயம். ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசி அளக்கும்போது அதோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சாமி மாடத்து மஞ்சள் துணி முடிச்சில் இன்றும் ஒன்றிரண்டு கிடக்கும். எடுத்துப் பார்த்தால் அம்மன் முகமே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கும். அத்தனை கை மாறியிருக்கிறது.

பெண் கல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்றார்கள், அவர் தாயார் இசை வேளாளர் மரபு என்பதையும் பிடித்துக்கொண்டார்கள். அத்தனையையும் தள்ளிவிட்டு இடம் கொடுக்கச் சொன்னவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அந்தப் பெண்தான் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சட்டசபைக்குப் போய், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அந்த மார்த்தாண்டரின் வாழ்க்கையில்தான் இந்த வம்சத்தின் வீழ்ச்சி இருக்கிறது. எல்லாரும் 1948-ஐச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் வீழ்ச்சி 1915-இல் தொடங்கி 1928-இல் முடிந்துவிட்டது. தாத்தா ராமச்சந்திரர் இறந்தபோது மார்த்தாண்டருக்குப் பத்து வயது. ஆங்கிலேய ஆசிரியரிடம் வளர்த்து, ஆங்கில நடை உடை பாவனை எல்லாம் பழக்கியது அதே ஆங்கில அரசுதான். 1915-இல் அவர் ஆஸ்திரேலியா போனார். அங்கே மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் காதலித்து, அந்த ஆகஸ்டிலேயே மெல்போர்னில் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியோடு ஊர் திரும்பினார். ஆங்கில அரசு அந்தப் பெண்ணை ராணியாக ஏற்க மறுத்தது. பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்றது. சில மாதங்களில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். 1916-இல் சிட்னியில் மகன் பிறந்தான். அதன் பிறகு ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட, நாட்டை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். குதிரைப் பந்தயமும் சீமை வாழ்க்கையுமாகக் காலம் போனது. அதற்கான பணமெல்லாம் இந்த வறண்ட பூமியிலிருந்து போனது என்பதை நான் மறக்கவில்லை. குடிகளை விட்டுவிட்டு ராஜா அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தது நியாயமும் இல்லை.

ஆனால் 1928 மே மாதம் அவர் பாரிஸில் இறந்தபோது, உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவரக்கூட அனுமதி கிடைக்கவில்லை. லண்டனில் தகனம் செய்தார்கள். பெற்ற மகன் இருக்க, உறவுக் கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்து அரியணையில் உட்கார வைத்தது ஆங்கில அரசு. திருச்சி முற்றுகையில் சோறு போட்ட வம்சம், தன் வாரிசு யார் என்று தானே சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. யாருக்காகக் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்களோ, அவர்களிடம் ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சவ ஊர்வலத்துக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. காட்டிக்கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

1948-இல் ராஜகோபாலத் தொண்டைமான் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ரகளை எதுவும் இல்லாமல் சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 பொங்கல் சமயத்தில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ராஜா இருந்த புது அரண்மனைதான் இன்று கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர் நாளில் முதியோர் பென்ஷனுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுவோடு வரும் ஜனங்கள் அந்தக் கருங்கல் கட்டடத்து நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போனால், 'காட்டிக்கொடுத்த ஊர்க்காரனா நீ' என்ற கேலியைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். திருப்பிச் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அந்த ஒரு பத்திதான் தெரியும். தங்கள் தொடர் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விஷயம் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. புதுக்கோட்டை தர்பார் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-லேயே அச்சிட்டுவிட்டது. சமஸ்தானச் சரித்திரம் அதற்கும் முன்பே எழுதப்பட்டது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் திறந்திருக்கிறது. கட்டுரையாளர் ஒரு முறை நேரில் வரட்டும். தொடர் புத்தகமாக வரும்போதாவது தொண்டைமான்களுக்கு முழு அத்தியாயம் ஒன்று சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதில் திருக்களம்பூரையும் ஒளிக்காமல் எழுதட்டும், பாரிஸையும் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
புதுக்கோட்டை