ஊதாச் சட்டை

ஊட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

பேத்திக்குக் காது குத்தியதை எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. உடனே பதில் போட முடியவில்லை. பள்ளி திறக்கும் சமயம், யூனிஃபார்ம் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. மழையும் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு சேதி. ஃபெர்ன்ஹில் பக்கம் இருந்தாரே, நாம் 'குதிரைக்கார அம்மா' என்போமே, அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூர் போகிறார். வயது 86. போன வாரம் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். வர்க்கியும் டீயும் கொடுத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். திறந்தால், பந்தயத்தில் அவர் குதிரையை ஓட்டும் ஜாக்கி போட்டுக்கொண்ட அந்தச் சட்டை! ஊதா உடம்பு, வெள்ளைக் கை. இடது தோளில் நான் 19 வயதில் போட்ட ஒட்டுத் தையல் அப்படியே இருக்கிறது. கோணல்தான். இன்றைக்கு யாராவது அப்படித் தைத்துக் கொண்டுவந்தால் பிரித்துப் போடச் சொல்வேன்.

சட்டையின் நிறம் அவர் தேர்ந்தெடுத்தது. குதிரை வாங்கிய பணமும் அவருடைய அப்பா கொடுத்ததுதான். ஆனால் பந்தயப் புத்தகத்தில் உரிமையாளர் என்று கணவர் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். ஜெயித்து எடுத்த போட்டோவின் அடியில் இவர் வெறும் 'திருமதி'.

ஒருநாள் விடிகாலை அளவு எடுக்க லாயத்துக்கே என்னை வரச் சொன்னார். பனி கண்ணை மறைக்கிறது. குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, இந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, முன்னங்காலை முட்டியிலிருந்து குளம்பு வரை மெதுவாகத் தடவினார். அப்புறம் அடுத்த கால். மறுபடி முதல் கால். "இங்கே தொட்டுப் பார்" என்றார். தொட்டேன். ஓரிடத்தில் மட்டும் லேசான சூடு, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி. நரம்பு இழுத்திருக்கிறது, சனிக்கிழமை ஓட்ட வேண்டாம் என்றார். பயிற்சியாளர் சிரித்தார், கணவரும் சிரித்தார். ஓட்டினார்கள். பாதி வழியில் குதிரை நொண்டி நின்றது. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

இங்கிலாந்தில் ஃபுளோரன்ஸ் நேகிள் என்று ஒரு பெண்மணி. பந்தயக் குதிரைகளைப் பழக்கியது அவர், பயிற்சியாளர் உரிமமோ அவரிடம் வேலை பார்த்த ஆளின் பெயரில். பெண்ணுக்குத் தர மாட்டோம் என்றார்களாம். கோர்ட்டுக்குப் போய் 1966ல் வாங்கும்போது அவருக்கு 70 தாண்டிவிட்டது. குதிரைக்கார அம்மா இந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை. நீங்களும் கேட்டிருக்கலாமே என்றேன் ஒருமுறை. பதிலே இல்லை, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பிற்பாடு சென்னையிலிருந்து ரூபா சிங் ஜாக்கியாக வந்து ஜெயித்தபோது அந்தப் பேப்பர் படத்தை வெட்டி இதே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

அவரைத் தெய்வமாக்குகிறேன் என்று நினைக்காதே. கூலியில் எட்டணா குறைத்துத்தான் தருவார். குதிரைக்கு வண்டி வண்டியாக கேரட் வரும். சைஸ் குடும்பத்தின் ஓலைக் கூரை ஒழுகுவது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

குதிரைகளுக்கு எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1 அன்றுதான் வயது ஏறுமாம், தெரியுமா? நம் வாத்தியார் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம் பிறந்தநாள் போட்டாரே, அதே கதைதான்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது நம் அம்மாக்கள்தான் ஞாபகத்தில் நின்றார்கள். சம்பள நாளில் ரேஸ் கேட்டுக்கு வெளியே முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்பார்களே, அப்பாக்கள் சட்டைப் பையில் ஏதாவது மிச்சம் வைத்து வருவார்களா என்று. நாம் கிழிந்த டிக்கெட் பொறுக்கிக்கொண்டிருப்போம். 1974ல் அரசு பந்தயத்துக்குத் தடைச்சட்டம் போட்டதும் எங்கம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வழக்கு இழுத்து இழுத்து 1996ல் உச்ச நீதிமன்றம் இது சூதாட்டமில்லை, திறமை சார்ந்த ஆட்டம் என்றது. இருக்கலாம். திறமை அந்த அம்மாவின் விரல் நுனியில் இருந்தது. எங்கப்பா குதிரையின் பெயர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுவார்.

இங்கே ரேஸ் மைதானத்தை நீ பார்த்து எத்தனை வருஷம்? குத்தகை 1978லேயே முடிந்துவிட்டது, பாக்கி கோடிக்கணக்கில் என்று 2024 ஜூலையில் அரசு எடுத்துக்கொண்டது. 52 ஏக்கர். பூங்கா வரப்போகிறது என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதெல்லாம் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. எங்கம்மா இருந்திருந்தால் இன்னொரு தேங்காய் உடைத்திருப்பாள். நான் உடைக்கவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

சரி, ஒரு வேலை. சட்டையின் காலர் ஓரம் பிரிந்திருக்கிறது. இந்த ஊதா இங்கே மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. கடிதத்தோடு ஒரு நூல் துண்டு வைத்திருக்கிறேன். மதுரையில் உனக்குத் தெரிந்த கடையில் காட்டி, பட்டு நூலாக இரண்டு கண்டு வாங்கி அனுப்பு. பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்கு, டியூப் லைட்டில் ஊதா ஏமாற்றும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி