வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் எல்லாம் இடைக்கால இலக்கியத்தில் பெண்ணின் வயது, அழகு, ஆற்றல் என்ற ஒரே பொருளில் நடந்தன. சித்திரைத் திருவிழா மாதம் மட்டும் கூட்டம் இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் எடுத்துக்கொண்டது, தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா இலக்கியம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது பாடியவற்றை வாசித்தோம். மன்னன் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குகிறார்கள். 5 வயதில் தொடங்கும் இந்தக் கணக்கு 40 வயதோடு நின்றுவிடுகிறது. வாசித்து முடித்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ நாற்பதோட பொம்பளை கதை முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார். மற்ற கூட்டங்களையெல்லாம் அந்தக் கேள்விதான் நடத்தியது.

அதற்கு முதல் விடை காரைக்கால் அம்மையாரிடம் கிடைத்தது. கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வம் என்று அஞ்சி விலகி, நம் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் செய்து வாழ்ந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கென்று, அந்தத் தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். அவரே பாடிய ஆலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வரும் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" (மார்பு வற்றி, நரம்பு புடைத்து) என்ற பாட்டை அதே ஆசிரியை உரக்கப் படித்தார். உலா அடுக்கிக் காட்டும் அழகு ஒவ்வொன்றும் அதில் தலைகீழாகக் கிடக்கிறது. பாடியவர் அதற்காக வருந்தவே இல்லை. கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற அவரை "அம்மையே" என்று அழைத்தவர் சிவபெருமான். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் இதுவே என்பது என் கருத்து.

ஆவணியில் பிட்டுத் திருவிழாவுக்கு மதுரைப் புட்டுத்தோப்புக்குச் சேர்ந்தே போனோம். சுவாமிக்குரிய தங்க மண்வெட்டியையும் கூடையையும் பார்த்துவிட்டு வந்து பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலுள்ள மண் சுமந்த படலத்தை வாசித்தோம். வந்தி என்ற கிழவிக்குப் பிள்ளை இல்லை, சுற்றம் இல்லை. பிட்டு அவித்து விற்றுத்தான் சீவனம். வெள்ளத்தில் உடைந்த வைகைக் கரையில், அரசன் ஆணைப்படி அவள் பங்கை அடைக்க ஆள் கிடைக்காதபோது, பிட்டையே கூலியாகப் பேசி இறைவன் வருகிறான். அரசன் ஆணைக்குக் கட்டுப்படாத கூலியாளைக் கிழவியின் பிட்டு கட்டிப்போட்டது. நரைத்த கூந்தலுக்கு இதைவிடப் பெரிய அதிகாரத்தை எந்த நூல் தந்திருக்கிறது?

அதே நூலில் வரும் தடாதகைப் பிராட்டியார், அதாவது நம் மீனாட்சி, பற்றிய கூட்டம் காரசாரமாகப் போனது. மூன்று முலைகளோடு பிறந்து, முடிசூடி, திக்குவிசயம் செய்த அரசி, சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைய நாணி நிற்கிறாள். அங்கே அவள் ஆற்றல் குறைந்ததாக இளையவர்கள் வாதாடினார்கள். மூத்தவர்களோ, சித்திரையில் பட்டாபிஷேகம் கண்டு செங்கோல் வாங்கி ஆவணி வரை ஆள்பவள் மீனாட்சியே என்றார்கள். திருமணத்துக்குப் பின் நூலில் அரியணை ஏறுவது சுந்தர பாண்டியன் என்பதால் நான் இளையவர்கள் பக்கம். நூலில் இழந்ததை ஊர் அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்றும் சொல்வேன்.

பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றதாகச் சொல்லப்படும் ஔவையாருக்கு ஒரு கூட்டம் போதவில்லை. வரும் ஆண்டு அவரிலிருந்து தொடங்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

மாடிப்படி ஏற முடியாமல் மூத்த அம்மாக்கள் சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்தப் பொருளை வைத்துக்கொண்டு இப்படி நடக்க விட்டிருக்கக் கூடாது. தரைத்தளத்தில் இடம் பார்த்திருக்கிறோம். வாடகை சற்றுக் கூடும். சந்தாவை உயர்த்தும் தீர்மானம் அடுத்து வருகிறது. உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்