அவன் கண்ணுக்கு நான் தெரிவேனா?

ஜெர்சி சிட்டி,
ஜூலை மாதம், வியாழன் இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பதாகத் தங்கை எழுதியிருந்தாள். கண் அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறீர்களா என்பதை மட்டும் அவள் எழுதவில்லை.

ஹட்சன் ஆற்றில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் நான் போவதைக் காட்டி, சென்ற வாரம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று அம்மா அழுதார். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: "பின்னால வர்ற அந்த ஆரஞ்சுக் கப்பல்காரன் கண்ணுக்கு நீ தெரிவியாம்மா?" நான் ஏதோ சமாதானம் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது ஆண்டுகள் தோணியின் தலைவராக, தண்டலாகச் சுக்கான் பிடித்தவருக்கு அது பதிலாகாது என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். ஹட்சன் என்பது பெயரளவில் ஆறு. ஆனால் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவின் தென்முனையிலிருந்து வடக்கே சுமார் 150 மைல் தொலைவிலுள்ள டிராய் என்னும் ஊர்வரை கடலின் ஓதம் ஏறி இறங்குகிறது. இந்த மண்ணின் பழங்குடிகள் இதற்கு இட்டிருந்த பெயருக்கே "இருபுறமும் ஓடும் ஆறு" என்று பொருள் சொல்கிறார்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் நான்கரை அடி மாறுகிறது. நம் ஊர்க் கரையில் இவ்வளவு வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. எனக்குப் பழக நாளான செய்தி இன்னொன்று உண்டு. நீர்மட்டம் உச்சியைத் தொட்டுத் தாழத் தொடங்கிய பிறகும், ஆற்றின் நடுவே ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வடக்கு நோக்கியே போய்க்கொண்டிருக்கும். கரையில் நின்று தூணின் ஈரக்கோட்டைப் பார்த்து, வற்றம் தொடங்கிவிட்டது, தெற்கே இழுத்துச் சென்றுவிடும் என்று எண்ணி இறங்குகிறவர், எதிர் ஓட்டத்தில் கைகள் ஓயத் துடுப்புப் போட வேண்டியதுதான். ஆகவே நாங்கள் ஓத அட்டவணை, ஓட்ட அட்டவணை இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகே கிளம்புகிறோம். என் கயாக் மணிக்கு மூன்று கடல்மைல் போகும். வற்றத்தின் வேகம் இரண்டுக்கு மேல் இருக்கும். எதிர்த்துப் போனால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கயாக் என்பது வட துருவத்துக்கு அருகில் வாழும் இனுயிட் மக்கள், கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்த படகு. இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். இரு முனையிலும் அலகுள்ள ஒற்றைத் துடுப்பு, கால் நீட்டி உட்கார ஒரு குழி, அவ்வளவுதான். மன்ஹாட்டன் கரையில் 26ஆம் எண் துறைமேடையில் டவுன்டவுன் போட்ஹவுஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். கோடைக்காலத்தில் யார் வந்து கேட்டாலும், நீச்சல் தெரிந்தால் போதும், உயிர்காப்பு உடையை மாட்டி, காசு வாங்காமல் இருபது நிமிடம் படகு தருகிறார்கள். இரண்டு துறைமேடைகளுக்கு இடையே உள்ள ஒதுக்கு நீரைத் தாண்டக் கூடாது என்பது ஒரே கட்டளை. சென்ற ஆண்டு, வேலை முடிந்த ஒரு மாலையில், ஊர் நினைவு தாங்காமல் நடந்துபோனபோதுதான் அதைக் கண்டேன். தண்ணீரில் கை வைத்ததும் உப்பு நாவில் பட்டது. இந்த நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறையாக நான் ஓர் ஊரில் இருப்பதாகத் தோன்றியது. அங்கேதான் கற்றேன். அதற்கப்புறமே ஆறு பேர் கொண்ட ஒரு குழுவோடு சேர்ந்து வெளி நீருக்குப் போகத் தொடங்கினேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படத்தில் பார்த்த ஆரஞ்சுக் கப்பல், ஸ்டேட்டன் தீவுக்கு இரவும் பகலும் இலவசமாக ஓடும் பயணிகள் படகு. 300 அடிக்கு மேல் நீளம். அது நான் அஞ்சும் படகு அன்று. அதன் பாதையும் நேரமும் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அந்தப் படமும் தொலைவிலிருந்து எடுத்தது, படக்கருவி அதை அருகில் கொண்டுவந்து காட்டிவிட்டது. நான் அஞ்சுவது ஆற்றின் மேற்கேயுள்ள நியூஜெர்சிக் கரைக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சிறு பயணிகள் படகுகளை. ஒரு கிலோமீட்டர் தொலைவில் தெரியும் வேகப்படகு ஒன்றரை நிமிடத்துக்குள் தலைமாட்டில் வந்து நிற்கிறது. நானோ ஆற்றைக் குறுக்கே கடக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். உட்கார்ந்த நிலையில் என் தலை நீரிலிருந்து மூன்று அடி உயரத்தைத் தாண்டாது. அலைக்குப் பின்னால் ஒரு தேங்காய் மிதப்பது போலத்தான் அந்தப் படகை ஓட்டுகிறவருக்குத் தெரியும். பிளாஸ்டிக் உடல் ரேடாரிலும் சரியாக விழாது.

கொழும்பிலிருந்து மாலையில் திரும்பும்போது, மேற்கே சாயும் சூரியன் தண்ணீரெல்லாம் வெள்ளித் தகடாக்கிவிட, தோணியின் முன்முனையான அணியத்துக்கு நேரே கிடந்த வள்ளத்தை அதிலிருந்தவரின் கூச்சல் கேட்ட பிறகே கண்டதாக நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதே காரணத்தால் இங்கே ஒரு விபத்தும் நடந்தது. 2016 ஆகஸ்டு 30ஆம் தேதி மாலை, மன்ஹாட்டனின் மேற்குக் கரைத் துறையிலிருந்து புறப்பட்டுத் திரும்பிய பயணிகள் படகு ஒன்று கயாக் குழுவின் மேல் மோதிச் சிலர் படுகாயம் அடைந்தார்கள். எதிர் வெயிலின் கூச்சத்தில் படகோட்டிக்கு அவர்களைத் தெரியவில்லை என்றுதான் விசாரணையும் சொன்னது. அந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை, அப்பா. அவர்கள் யாரும் கண்மூடித்தனமாகப் போனவர்கள் அல்லர், வழிகாட்டியோடு போனவர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: தெரியமாட்டேன். தெரியமாட்டேன் என்று வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் இறங்குகிறேன். காலையில் நியூஜெர்சியிலிருந்து வருகிறவருக்குக் கிழக்கு வெயில் எதிரே. மாலையில் மன்ஹாட்டனிலிருந்து போகிறவருக்கு மேற்கு வெயில் எதிரே. யாருடைய கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவே நான் இருக்கிறேன் என்பதை முதலில் பார்த்துவிட்டே நகர்கிறேன். என் படகு மஞ்சள், மேலாடை ஆரஞ்சு, துடுப்பின் அலகுகளில் ஒளி திருப்பும் நாடா ஒட்டியிருக்கிறேன். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது துடுப்பின் மின்னல்தான்.

துடுப்புப் படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்ற எண்ணம் இங்கே புதிதாக வருகிறவர் பலருக்கு இருக்கிறது. அது ஆபத்தான எண்ணம். குறுகிய கால்வாயில் மட்டுமே பாதுகாப்பாக ஓடக்கூடிய கப்பலை, 20 மீட்டருக்கும் குறைந்த படகு எதுவும் தடுக்கக் கூடாது என்று கடற்போக்குவரத்து விதிகளின் 9ஆம் விதி சொல்கிறது. நாங்கள் கரையை ஒட்டியே போகிறோம். கடக்க வேண்டிய இடத்தில் ஆறு படகும் ஒன்றுசேர்ந்து, ஒரே பெரிய உருவமாகத் தெரியும்படி, நேர்க்குறுக்கே விரைந்து கடக்கிறோம். கப்பல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலியின் 13ஆம் அலைவரிசையில், கடக்கும் முன் எங்கள் குழுத்தலைவி இடத்தையும் எண்ணிக்கையையும் சொல்லிவிடுவார். துறைமேடையின் முனையைச் சுற்றும்போது காதைத் தீட்டிக்கொள்கிறோம். படகு துறையை விட்டுக் கிளம்பும்போது நீண்ட ஊதல் ஒன்று வரும். ஐந்து குறுகிய ஊதல்கள் வந்தால், "உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை, ஆபத்து" என்று பொருள். உங்கள் நாளில் நீங்கள் அதை ஊத நேர்ந்ததுண்டா?

சென்ற மாதம் நடந்த ஒன்றை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மேற்கே கடக்கத் தொடங்கி ஆற்றில் கால்வாசி போயிருந்தோம். தெற்கேயிருந்து ஓர் இழுவைப் படகு, சரக்கில்லாமல் உயர்ந்து மிதந்த தெப்பப் படகு ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. இந்த நீரில் இதுவும் கொடியதுதான். வேகமும் இரைச்சலும் குறைவு. முன்னால் நிற்கும் இரும்புச் சுவர் பல நூறு அடி நீரைப் படகோட்டியின் பார்வையிலிருந்து மறைத்துவிடும். முன்னால் போய்விடலாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் அதன் பின்னால், ஜெர்சி சிட்டிக் கரையில் ஐம்பது அடி அகலத்தில் கோல்கேட் கடிகாரம் நிற்கிறது. தெப்பத்தின் முனை அந்தக் கடிகாரத்தின் மேலேயே நின்றது. பத்து முறை துடுப்புப் போட்ட பிறகு பார்த்தேன், அங்கேயே நின்றது, சற்றே பெரிதாகியிருந்தது.

கடற்கரையில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, முயல்தீவுக் கலங்கரை விளக்குக்கு நேரே வந்துகொண்டிருந்த ஒரு வள்ளத்தைக் காட்டி, "விளக்கை விட்டு விலகுதா பாரு, விலகாம பெருசா மட்டும் ஆச்சுன்னா உன்கிட்டத்தான் வருது" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு எட்டு வயது. நான் கூவி எல்லோரையும் நிறுத்தினேன். வந்த கரைக்கே திரும்பிக் காத்திருந்தோம். தெப்பம் நாங்கள் போயிருக்கக்கூடிய இடத்தின் மேலேயே கடந்து போனது. குழுத்தலைவி, இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். படிக்கவில்லை, என் அப்பா தண்டல் என்றேன். தண்டல் என்றால் என்ன என்று விளக்கக் கரை வந்து சேரும்வரை ஆயிற்று.

அம்மாவின் மற்ற கவலைகளுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். இங்கே கரை முழுதும் செங்குத்தான சுவர். நம் துறைமுகத்தின் பாறைக் குவியல் அலையைத் தின்றுவிடும். இந்தச் சுவர்களோ படகுகள் எழுப்பும் அலையை அப்படியே திருப்பி அடிக்கும். வந்த அலையும் திரும்பிய அலையும் மோதிக் கூம்பு கூம்பாக எழும் இடத்தில் துடுப்பை நீரிலிருந்து எடுக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால்தான் கவிழும். கவிழ்ந்தால் வெளியே வந்து மீண்டும் ஏறுவதை, குளத்திலும் ஒதுக்கு நீரிலும் கைக்குப் பழகும்வரை செய்து பார்த்திருக்கிறேன்.

குளிர் நீர் உங்களுக்கும் தெரியாத பகை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் இதமாக இருக்கும்போதும் நீர் எலும்பை உறைய வைக்கும். விழுந்தவுடன் மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று இங்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நவம்பர் முதல் மே முதல் நாள்வரை சிறு படகில் உயிர்காப்பு உடையை அணிந்தே இருக்க வேண்டும் என்பது நியூயார்க் மாநிலச் சட்டம். நான் எல்லா மாதமும் அணிகிறேன்.

தண்ணீர் அழுக்கில்லையா என்றும் அம்மா கேட்டார். 1986இல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கும்வரை மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிக் கழிவு நேரே இந்த ஆற்றில்தான் விழுந்ததாம். இன்று அந்த நிலை இல்லை. ஆயினும் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் பகுதிகள் நிறைய உள்ளன. கனமழை பெய்தால் அவை நிரம்பி ஆற்றில் கொட்டும். ஆகையால் பெருமழைக்குப் பின் இரண்டு நாள் நாங்கள் இறங்குவதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இறங்குகிறோம். வேலை நாள் அல்லாததால் பயணிகள் படகுகள் குறைவு. மேல்நோக்கிய ஓட்டத்தோடு வடக்கே சென்று, ஓட்டம் திரும்பியதும் அதனோடு வந்துவிடுவோம். பத்து மணிக்குக் கரையேறிவிடுவேன். அங்கே அப்போது இரவு ஏழரை. முதல் அழைப்பு உங்களுக்குத்தான். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு தொலைபேசியின் பக்கத்திலேயே இருங்கள்.

அன்பு மகள்.